கேம் ஆடும்போது கிராபிக்ஸ் கார்டு கொதிக்குதா? புதுசு வாங்கும் முன் இதைச் செய்து பாருங்க!

கேம் தொடங்கிய அரை மணி நேரத்தில் படம் திக்கித் திக்கி ஓடுகிறதா? ஃபேன் சத்தம் காதைப் பிளக்கிறதா? கார்டு போயிடுச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க. சூடு எல்லை தாண்டினால், கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எவ்வளவு சூடு நார்மல்?

கேம் ஓடும்போது 65 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம்தான். என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு உச்ச வரம்பு 93 டிகிரி. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியு வெப்பநிலையைப் பார்க்கலாம்.

கோளாறு எங்கே?

கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, அதே கேமை 15 நிமிடம் ஆடிப் பாருங்க. சூடு நன்றாகக் குறைந்தால் கார்டில் பிரச்சனை இல்லை. உள்ளே காற்றோட்டம்தான் போதவில்லை.

என்ன செய்யலாம்?

* பிளக்கைக் கழற்றிவிட்டு, ப்ளோயரால் தூசியை ஊதி எடுங்க. அப்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்க.
* கேபினட்டைச் சுவரை ஒட்டி வைக்காதீங்க. முன்பக்க ஃபேன் காற்றை இழுக்கணும், பின்பக்க ஃபேன் வெளியே தள்ளணும்.
* 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால், கேம் செட்டிங்ஸில் ஃபிரேம் லிமிட்டை 60 என வையுங்க. கார்டுக்கு வீண் வேலை மிச்சம்.
* எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 85 சதவீதமாகக் குறையுங்க. வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு இறங்கும்.

இவ்வளவு செய்தும் 90 டிகிரியைத் தொடுகிறதா? உள்ளே தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். வாரண்டி இருந்தால் நீங்களே கழற்றாமல் சர்வீஸ் சென்டரில் கொடுப்பதே நல்லது.