பூட்டி வைத்த எலெக்ட்ரான்கள்

சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி கொண்டு வருபவர்தான் உங்கள் நினைவுக்கு வருவார். கணினி உலகிலும் ஏறக்குறைய அதே வேலைதான்: கேட்டதை எடுத்து வந்து தருவது. வீட்டிலுள்ள படங்கள், பாட்டுகள், பாடக்குறிப்புகள் யாவற்றையும் ஒரு சிறு கணினியில் சேர்த்து, எந்த அறையிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை இன்று பலர் தாமே அமைத்துக்கொள்கிறார்கள். அதன் நினைவகத்தில் சுழலும் தட்டும் இல்லை, மோட்டாரும் இல்லை. தகவல் முழுவதும் சிலிக்கன் சில்லுகளுக்குள் பூட்டி வைக்கப்பட்ட எலெக்ட்ரான்களாக இருக்கிறது. அந்தப் பூட்டு எவ்வளவு காலம் தாங்கும்?

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் கணினியுடன் முதல் காந்த வட்டு நினைவகத்தை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன் எடை. கொள்ளளவோ 50 லட்சம் எழுத்துகள்தான். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றுக்கே அது சரியாகப் போய்விடும்.

தட்டே இல்லாத வழி 1967-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. டாவோன் காங், சைமன் சீ ஆகிய இருவரும் ஒரு டிரான்சிஸ்டருக்குள், சுற்றிலும் மின்கடத்தாப் பொருள் சூழ, ஒரு மெல்லிய உலோகப் படலத்தை வைத்தார்கள். எதனோடும் இணையாத அந்தப் படலத்திற்கு 'மிதக்கும் வாயில்' என்று பெயர். இணைப்பே இல்லாத இடத்திற்குள் எலெக்ட்ரான் எப்படி நுழையும் என்று நீங்கள் கேட்கலாம். சுவரைத் தாண்ட ஆற்றல் போதாத பந்து திரும்பித்தான் வரும். எலெக்ட்ரான் அப்படியல்ல, சுவர் போதிய அளவு மெல்லியதானால் அது ஊடுருவி மறுபுறம் போகவும் வாய்ப்புண்டு. வலுவான மின்புலம் அந்தச் சுவரை மேலும் மெல்லியதாக்குகிறது. மின்புலத்தை நீக்கியதும் உள்ளே போனவை சிறைப்படுகின்றன. அன்று அவை ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக உள்ளே தங்கின. அதுவே பெரிய சாதனை!

1971-இல் இன்டெல் நிறுவனத்தின் டோவ் ஃப்ரோமன் நெடுங்காலம் தாங்கும் சில்லை உருவாக்கினார். ஆனால் அழிப்பதற்குப் புற ஊதாக் கதிரை அதன் குவார்ட்ஸ் சாளரத்தின் வழியே பல நிமிடங்கள் பாய்ச்ச வேண்டியிருந்தது.

இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா. மின்சாரத்தாலேயே ஒவ்வொரு எழுத்தாக அழிக்கும் சில்லுகள் அப்போது இருந்தன. அவற்றில் ஓர் அறைக்கு இரண்டு டிரான்சிஸ்டர்கள் தேவைப்பட்டதால் விலை அதிகம். ஒரு தொகுதி முழுவதையும் ஒரே வீச்சில் அழித்தால் ஒன்றே போதுமே என்றார் மசுவோகா. புகைப்படக் கருவியின் மின்வெட்டொளியை நினைவூட்டியதால் அவருடைய சக பணியாளர் ஒருவர் இதற்கு 'ஃபிளாஷ்' என்று பெயரிட்டார். 1984-இல் இதையும், 1987-இல் இன்னும் நெருக்கமான 'நாண்ட்' அமைப்பையும் மசுவோகாவின் குழு அறிவித்தது. உங்கள் வீட்டுச் சர்வரில் இருப்பது இந்த நாண்ட்தான். கண்டுபிடித்தவருக்கோ உரிய பங்கு எளிதில் கிடைக்கவில்லை. தம் பழைய நிறுவனத்தின்மீது 100 கோடி யென் கேட்டு வழக்குத் தொடுத்தார், 2006-இல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம் ஆயிற்று. உலகம் முழுவதும் பரவிய ஒரு பொருளுக்கு இது சொற்பம் என்றே எனக்குப் படுகிறது.

1991-இல் 20 மெகாபைட் ஃபிளாஷ் வட்டின் விலை சுமார் 1,000 டாலர். இன்று விலை குறைந்ததற்கு ஒரு காரணம், ஓர் அறையில் 16 வேறுபட்ட மின்னூட்ட அளவுகளை வைத்து நான்கு பிட்டுகளைத் திணிப்பதாகும். அளவுகள் நெருங்கிவிட்டதால் சிறு கசிவும் தகவலைக் குழப்பும். எலெக்ட்ரான்கள் ஊடுருவும்போதெல்லாம் சுவரும் சிறிது சேதமடைகிறது. ஒரு பிட் மட்டும் வைக்கும் அறை சுமார் ஒரு லட்சம் முறை எழுதி அழிப்பதைத் தாங்கும். நான்கு பிட் அறை ஆயிரம் முறை தாங்கினால் பெரிது.

35 டாலர் விலையில் 2012-இல் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி வந்தபின் வீட்டுச் சர்வர்கள் பெருகின. அதன் நினைவகம் ஒரு சிறு ஃபிளாஷ் அட்டை. கணினி நடப்பதையெல்லாம் ஓயாமல் அதில் குறித்துவைத்ததால் பல அட்டைகள் விரைவில் தேய்ந்தன. பெரிய திடநிலை வட்டுகளில், எழுதும் வேலையை எல்லா அறைகளுக்கும் பகிர்ந்து தரும் கட்டுப்பாட்டுச் சில்லு உண்டு. ஆகவே அவை நீடிக்கின்றன.

ஜெடெக் என்ற தர அமைப்பின் விதிப்படி, எழுதும் ஆயுளை முடித்துவிட்ட வீட்டு உபயோக வட்டு, 30 டிகிரி செல்சியஸில் மின்சாரமின்றி ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். காந்தப் பூச்சில் இவ்வகைக் கசிவு இல்லை. அதனால்தான் திடநிலை வட்டில் சர்வர் அமைப்பவர்களுள் பலர், நகல் எடுத்து வைக்க மட்டும் ராமாக்கின் வாரிசான சுழலும் வட்டு ஒன்றை வாங்கிக்கொள்கிறார்கள்.