கஷ்டப்பட வேண்டியது யார்? மோஷன் எஸ்டிமேஷனின் கதை

ஒரு கிரிக்கெட் கிளிப் பார்க்குறீங்கன்னு வைங்க. நொடிக்கு 30 பிரேம். பந்து நகருது, பேட்ஸ்மேன் நகர்றார், பின்னாடி மைதானம் அப்படியே இருக்கு. அப்போ ஒவ்வொரு பிரேமையும் முழுசா எதுக்கு அனுப்பணும்? "போன பிரேம்ல இருந்த இந்தத் துண்டு நாலு பிக்சல் வலப்பக்கம் போயிடுச்சு"ன்னு சொன்னா போதுமே! அந்த நகர்வைக் கண்டுபிடிக்கிறதுதான் மோஷன் எஸ்டிமேஷன்.

1970ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் பெல் நிறுவனம் பிக்சர்போன் என்ற வீடியோ போன் சேவையைத் தொடங்கியது. ஒரு வீடியோ அழைப்பே பல டஜன் குரல் அழைப்புகளுக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டது. கட்டணமும் அதிகம். சேவை எடுபடவில்லை. படத்தைச் சுருக்காம இது நடக்காதுன்னு தெளிவாயிடுச்சு.

1979ல் பெல் ஆய்வகத்தின் அருண் நேத்ராவலியும் ஜான் ராபின்ஸும் ஒரு வழி சொன்னாங்க: ஒவ்வொரு பிக்சலா நகர்வைக் கணிக்கலாம். அழகான கணக்கு. ஆனா அனுப்புறவர் போடுற அதே கணக்கை, பார்க்குறவரோட கருவியும் திரும்பப் போடணும்.

1981ல் அனில் ஜெயினும் ஜஸ்வந்த் ஜெயினும் வெளியிட்ட கட்டுரை வேற பக்கம் போச்சு. படத்தைச் சதுரத் துண்டுகளா வெட்டு. ஒவ்வொரு துண்டும் போன பிரேம்ல எங்கே இருந்ததுன்னு தேடு. கிடைச்ச திசையையும் தூரத்தையும் மட்டும் அனுப்பு. தேடுறது அனுப்புறவர் வேலை. பார்க்குறவர் எடுத்து ஒட்டினா போதும்.

தேடலும் சும்மா இல்லை. எல்லாப் பக்கமும் 7 பிக்சல் வரை தேடினா, ஒரு துண்டுக்கே 225 இடம். அதே ஆண்டு ஜப்பானின் கோகா குழு சொன்ன குறுக்குவழி: முதலில் நடுவையும், 4 பிக்சல் தள்ளி எட்டு இடங்களையும் பார். எது நல்லாப் பொருந்துதோ அங்கே நின்னு 2 பிக்சல் தள்ளிப் பார். அப்புறம் 1. மொத்தம் 25 இடம்தான்!

இப்படித் தேடினா சில நேரம் தப்பான இடம் சிக்கும். பரவாயில்லை. எடுத்த துண்டுக்கும் உண்மையான படத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்து அனுப்பிடலாம். தப்பு பெருசானா அனுப்ப வேண்டிய டேட்டா கூடும், அவ்வளவுதான்.

1990ல் வந்த எச்.261 தரநிலை இந்தத் துண்டு வழியைத்தான் எடுத்துக்கிட்டது. வர்ற டேட்டாவை எப்படிப் படமாக்கணும்னு அது கறாரா சொன்னது. எப்படித் தேடணும்னு சொல்லவே இல்லை! அதனால அனுப்புறவர் எவ்வளவு புத்திசாலித்தனமான தேடலைக் கொண்டுவந்தாலும், பழைய கருவியிலும் படம் ஓடும்.

2003ல் வந்த எச்.264ம் இதே பாதைதான். ஒரு படத்தைச் சுருக்க சர்வர் மணிக்கணக்கா உழைக்கலாம். உங்க கையில இருக்குற மலிவான போன் அதை பஸ்ல போற வழியிலேயே காட்டிடும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!