பெயர்களைக் காத்த பத்திரிகை

ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலிற் புரட்ட வேண்டியது அதன் பத்திரிகைகளின் பின்பக்கங்களையே எனலாம். தலையங்கங்கள் கொள்கையைக் கூறும். விளம்பரங்கள் பிழைப்பைக் கூறும். மரண அறிவித்தல்களோ அச்சமூகத்தில் யார் இருந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், யாருடன் வாழ்ந்து எங்கே கண்மூடினார்கள் என்பதைக் கூறும். ஊரையும் உறவையும் பிரிந்து பல நாடுகளிலே சிதறி வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. பத்திரிகை கைக்கு வந்ததும் மரண அறிவித்தற் பக்கத்தை முதலிற் பார்ப்போர் நம்மிற் பலர்.

இங்கே எடுத்துக்கொண்ட பொருள் வேறொரு சமூகத்தின் பத்திரிகையாகும். அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ நகரிலும் அதைச் சூழ்ந்த விரிகுடாப் பகுதியிலும் வாழும் தன்பாலீர்ப்பாளர்களுக்காக 1971ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று இன்றும் வெளிவரும் ‘பே ஏரியா ரிப்போர்ட்டர்’ என்பதே அது. ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்பி வாழ்வதை ஏற்கும் மனம் வாசகரிற் சிலருக்கு இருக்கலாம், சிலருக்கு இல்லாதிருக்கலாம். எவ்வாறாயினும், ஒருவரின் பெயர் அச்சில் ஏறுவது அவரை அழிக்கவும் வல்லது, காக்கவும் வல்லது என்பதை இப்பத்திரிகையின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. அதனாலேயே அது நாமும் அறியத்தக்கதாகின்றது.

பெயரே தண்டனையான காலம்

சான் பிரான்சிஸ்கோ ஒரு துறைமுக நகரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பல்லாயிரம் படைவீரர்கள் அவ்வழியே பசிபிக் களத்துக்குச் சென்று திரும்பினர். தன்பாலீர்ப்பு உடையோர் என்ற ஐயத்தின் பேரிற் படையிலிருந்து இழிவுடன் விலக்கப்பட்ட பலர் அந்தக் களங்கத்தோடு ஊர் திரும்ப அஞ்சி அந்நகரிலேயே தங்கிவிட்டனர். அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கக்கூடிய பொது இடம் மதுச்சாலை ஒன்றே. அங்கும் பொலிசாரின் திடீர்ச் சோதனை ஓயவில்லை.

1961 செப்டெம்பர் 14ஆம் திகதி அதிகாலை ‘டே-புஷ் இன்’ என்னும் சிறு மதுச்சாலைக்குள் புகுந்த பொலிசார் 103 பேரைக் கைது செய்தனர். நகரின் பெரிய நாளிதழ்களுள் ஒன்றான ‘எக்ஸாமினர்’ அவர்களது பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றை வரிசைப்படுத்தி வெளியிட்டது. பெரும்பாலானோர் மீதான வழக்குகள் பின்னர் நிலைக்கவில்லை. ஆயினும் என்ன பயன்? நீதிமன்றம் விட்டாலும் வேலைத்தலம் விடவில்லை; வீட்டுக்காரர் விடவில்லை; பெற்றோர் முகத்தில் விழிக்க இயலவில்லை. அக்காலத்தில் நாளிதழிற் பெயர் வருவதே தண்டனையாக இருந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் ஹோசே சரியா என்னும் மதுச்சாலைக் கலைஞர், தாம் இன்னார் என்பதை மறைக்காமலே நகரசபைத் தேர்தலிற் போட்டியிட்டு 5,000க்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். அவர் வெற்றி பெறவில்லை. ஆயினும் அஞ்சி ஒளிந்திருந்த கூட்டம் எத்துணை பெரியது என்பது அன்று கணக்கில் வந்தது. அடுத்த ஆண்டு, 1962இல், மதுச்சாலை உரிமையாளர்கள் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். கைதாவோருக்குச் சட்ட உதவி பெற்றுக் கொடுப்பது அதன் பணிகளுள் ஒன்று.

மதுச்சாலையிற் பிறந்த பத்திரிகை

இந்தப் பின்னணியிலே பொப் ரொஸ், போல் பென்ற்லி ஆகிய இருவரும் 1971 ஏப்ரல் 1ஆம் திகதி ‘பே ஏரியா ரிப்போர்ட்டர்’ பத்திரிகையின் முதல் இதழை வெளியிட்டனர். ரொஸ் சமையற் கலைஞராகத் தொழில் பார்த்தவர். மதுச்சாலைச் சங்கத்திலும் முன்னின்று உழைத்தவர். பத்திரிகை இலவசமாக மதுச்சாலைகளிலே வைக்கப்பட்டது. செலவை விளம்பரங்கள் ஈடுசெய்தன. வம்புச் செய்திகள், கேளிக்கை அறிவித்தல்கள், பொலிசாரின் நடவடிக்கைகள் பற்றிய எச்சரிக்கைகள் என அனைத்தும் அதில் இடம்பெற்றன. உயர்ந்த இலக்கியம் அங்கே இருக்கவில்லை. ஆயினும் தம்மைப் பற்றித் தாமே பேசும் ஒரு பக்கம் அம்மக்களுக்குக் கிடைத்தது.

அப்போதும் வயது வந்த இரு ஆண்கள் தனிமையில், உடன்பட்டுக் கூடுவது கலிபோர்னியாவிற் குற்றமாகவே இருந்தது. அதனை நீக்கும் சட்டம் 1975இல் நிறைவேறி 1976 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் இப்பத்திரிகையில் அரசியற் பத்தி எழுதியவர்களுள் ஹார்வி மில்க் குறிப்பிடத்தக்கவர். புகைப்படக் கருவிக் கடை நடத்திய அவர் பலமுறை தேர்தலிலே தோற்று, 1977இல் நகரசபை உறுப்பினராகத் தெரிவானார். 1978 நவம்பர் 27இல் அவரும் நகர முதல்வர் ஜோர்ஜ் மொஸ்கோனியும் முன்னாள் சபை உறுப்பினர் ஒருவராற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனினும் பேரழிவு ஒன்று மூன்று ஆண்டுகளில் வரவிருந்தது.

நோயும் தடுமாற்றமும்

1981 ஜூன் 5ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு ஏற்பட்ட அரிய நுரையீரல் நோய் பற்றி அமெரிக்க அரசின் சுகாதார வார அறிக்கை ஒரு குறிப்பை வெளியிட்டது. பின்னர் எய்ட்ஸ் எனப் பெயர்பெற்ற கொடுநோயின் முதற் பதிவு அதுவே. சில ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோவின் தெருக்களில் இளைஞர்கள் முதியவர்களைப் போலக் கைத்தடி ஊன்றி நடந்தனர்.

இக்கட்டத்தில் ‘பே ஏரியா ரிப்போர்ட்டர்’ தடுமாறியதையும் கூறத்தான் வேண்டும். நோயின் பாரதூரத்தை அது காலந்தாழ்த்தியே உணர்ந்தது என்ற கண்டனம் அன்றே எழுந்தது. நோய் பரவுவதைத் தடுக்க நகரின் பொதுக் குளியற் கூடங்களை மூடவேண்டுமா என்ற வாதம் 1984இல் உச்சத்தை அடைந்தபோது, மூடுவது உரிமைப் பறிப்பு என்று பத்திரிகை வாதிட்டது. அக்கூடங்களின் விளம்பரப் பணமும் அதற்கு வந்துகொண்டிருந்தது என்பதை எதிர்ப்பாளர் சுட்டிக்காட்டினர். மூடுவதை ஆதரித்த தம்மவர் சிலரின் பெயர்களை அன்றைய ஆசிரியர் துரோகிகள் பட்டியலாகவே அச்சிட்டார். பெயரை அச்சிட்டு மனிதரை இழிவுபடுத்திய பெரிய நாளிதழின் வழியிலேயே அந்தச் சிறிய பத்திரிகையும் ஒருமுறை நடந்தது. துரோகி என்ற சொல் அச்சில் ஏறினால் என்ன நிகழும் என்பதை நமது வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இருநூறு சொற்கள்

அதே பத்திரிகை, அதே ஆண்டுகளில், வேறொரு பணியையும் ஆரவாரமின்றிச் செய்துவந்தது. இறந்தவர்களைப் பற்றிய இரங்கற் குறிப்புகளைப் படத்துடன் வெளியிட்டது.

பெரிய நாளிதழ்களில் இத்தகையோரின் மரணம் பெரும்பாலும் ‘நீண்டகால நோய்’ என்ற சொற்றொடருக்குள் மறைந்தது. பல குடும்பங்கள் புற்றுநோய் என்று ஊருக்குச் சொல்லின. பத்தாண்டு ஒன்றாக வாழ்ந்து, இறுதி நாட்களில் மலசலம் எடுத்துப் பணிவிடை செய்த துணைவரின் பெயர் குடும்பத்தார் கொடுத்த அறிவித்தலில் இராது. சட்டத்தின் முன் அவர் யாருமல்லர். ‘பே ஏரியா ரிப்போர்ட்டர்’ வெளியிட்ட குறிப்புகளில் அவருக்கு இடமிருந்தது. எந்தச் சிற்றூரிற் பிறந்தார், எப்போது இந்நகருக்கு வந்தார், என்ன தொழில் செய்தார், எதனை விரும்பினார், யார் அருகில் இருக்க உயிர் நீத்தார் என்பவற்றை நண்பர்களே எழுதி அனுப்பினர். 1961இல் வேறொரு பத்திரிகையில் பெயரும் தொழிலும் இகழ்ச்சியாக வெளிவந்த அதே நகரில், பெயரும் தொழிலும் இப்போது மரியாதையாக வெளிவந்தன.

குறிப்புகள் பெருகின. இடம் போதாமையால் ஒவ்வொன்றும் 200 சொற்களுக்குள் அமைய வேண்டும் என்று பத்திரிகை விதித்தது; கவிதை வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. அந்தியேட்டிக் கல்வெட்டிலே பக்கம் பக்கமாக இரங்கற்பா அச்சிடும் மரபில் வந்த நமக்கு இந்த விதி கடுமையாகத் தோன்றும். புலம்புவதற்கும் இடமில்லாத அளவுக்கு இறந்தோர் தொகை பெருகியிருந்தது என்பதே அதன் பொருள். 1989 நவம்பரில், ஓராண்டிலே மறைந்தவர்களின் முகங்களைப் பல பக்கங்களில் நிரைநிரையாக அது அச்சிட்டது. நோயின் காலம் முழுவதிலும் அந்த ஒரு நகரில் மாண்டோர் ஏறத்தாழ 20,000 பேர்.

பெயரைக் காக்கும் இந்த வேட்கை பத்திரிகையோடு நிற்கவில்லை. 1985 நவம்பரில் நடந்த மெழுகுதிரி ஊர்வலத்தில் இறந்தோரின் பெயர்களை அட்டைகளில் எழுதி அரச கட்டடம் ஒன்றின் சுவரிலே ஒட்டினர். அதைக் கண்ட கிளீவ் ஜோன்ஸ் என்பார், ஒருவருக்கு ஒன்றாகப் புதைகுழியளவு துணித்துண்டுகளைத் தைத்து இணைக்கும் நினைவுப் போர்வைத் திட்டத்தை 1987இல் தொடங்கினார். அவ்வாண்டு ஒக்டோபரில் வாஷிங்டன் நகரில் விரிக்கப்பட்ட போர்வையில் 1,920 துண்டுகள் இருந்தன.

1998 ஓகஸ்ட் 13

1996ஆம் ஆண்டளவிற் பல மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ளும் சிகிச்சை முறை பரவலாயிற்று. படுக்கையில் இருந்தவர்கள் எழுந்து நடந்தனர். இரங்கற் குறிப்புகள் கிழமைக்குக் கிழமை குறைந்தன. 1998 ஓகஸ்ட் 13ஆம் திகதி, வியாழக்கிழமை வெளிவந்த இதழின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்துகளில் இருந்த தலைப்பு: ‘இரங்கற் குறிப்புகள் இல்லை’. அக்கிழமை ஒன்றேனும் வந்து சேரவில்லை. பதினேழு ஆண்டுகளின் பின்னர் அதுவே முதன்முறை.

மரணம் அத்துடன் ஒழிந்துவிடவில்லை. மருந்தை வாங்க இயலாத ஆபிரிக்க, ஆசிய நாடுகளில் அப்போதும் இலட்சக்கணக்கானோர் இறந்துகொண்டிருந்தனர். எனினும் யாரும் சாகவில்லை என்பதே முதற்பக்கச் செய்தியாகும் நாளை அந்தப் பத்திரிகை கண்டது. அத்தகைய தலைப்பு ஒன்றைப் பார்க்க நாமும் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தோம் என்பதை வாசகர் அறிவர்.

பொப் ரொஸ் 2003இற் காலமானார். 2009 டிசெம்பரில் அந்நகரின் தன்பாலீர்ப்பாளர் வரலாற்றுக் கழகம் பத்திரிகையுடன் சேர்ந்து, அதில் வெளிவந்த 10,000க்கு மேற்பட்ட இரங்கற் குறிப்புகளைப் பெயர் கொண்டு தேடக்கூடிய கணினித் தொகுப்பாக அமைத்தது. பழைய இதழ்களைத் தேடி, ஒவ்வொன்றாகப் படியெடுத்த தன்னார்வத் தொண்டின் பயன் அது. மகன் எவ்வாறு இறந்தான் என்று கேட்கத் துணியாதிருந்த ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறை, இன்று அவன் முகத்தையும் அவனை நேசித்தவரின் பெயரையும் அங்கே காண இயலும்.

நாம் செய்யத்தக்கது

நமது மரண அறிவித்தல்களின் அமைப்பு யாவருக்கும் தெரிந்ததே: பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு சகோதரன் என்று உறவுகள் வரிசையாக வரும். அந்த வரிசையில் விடுபடுவோரும் உண்டு. வீட்டார் விருப்பத்துக்கு மாறாக மணம் செய்த மகளும், வேற்றினத்து மருமகளும் அவ்வாறு விடுபடுவதுண்டு. இக்கட்டுரையிற் கூறப்பட்டோரைப் போன்ற வாழ்வை இந்நாடுகளில் தேர்ந்துகொண்ட பிள்ளைகளும் நம் குடும்பங்களில் இல்லாமலில்லை. ஐம்பது ஆண்டுகளின் பின் நமது வரலாற்றைத் தேடுவோர் அந்த அறிவித்தலைத்தான் கையில் எடுப்பர். அதில் இல்லாதவர் அக்குடும்பத்திற் பிறக்காதவரே ஆகிவிடுவார்.

ஆதலின், அறிவித்தலை எழுதும் துயர்மிகு வேளையிலும் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. பெற்ற பிள்ளைகள் அனைவரையும், இறுதிவரை அருகிலிருந்தோரையும் சேர்த்து எழுதுவோம். பழைய இதழ்களைக் கட்டிக் குப்பையிற் போடுமுன், ஒரு பிரதியேனும் நூலகத்திலோ சங்கத்திலோ சேர்ப்பிப்போம்.