நூற்றிருபத்தேழு பல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய எங்களுக்கு 127 என்பது ஒரு சக்கரம். சேஞ்ச் கியர் பெட்டியில் இருப்பதிலேயே பெரியது. ஏன் 127, 125 ஆகாதா என்று கேட்டால் பழைய டர்னர்கள், "மெட்ரிக் கியர்டா, மாட்டு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மெட்ரிக் சட்டம் வந்தது 1956-இல். அடுத்த ஆண்டு நயா பைசா, 1958-இல் கிலோ. 1961-இல் ஆவடியில் டாங்க் தொழிற்சாலை, அதே பத்தாண்டில் எங்கள் எஸ்டேட். டிராயிங்குகள் மில்லிமீட்டருக்கு மாறின. பட்டறை லேத்துகள் பல மாறவில்லை. மரை வெட்டும்போது டூலை நகர்த்துகிற அவற்றின் லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு நாலு மரை.

ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஐந்து அங்குலம் சரியாக 127 மி.மீ. அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்டினால் கியர் கணக்கில் 127 வந்தே தீரும். சிக்கலே இங்கேதான். 127 பகா எண். 2, 3, 5, 7, 11 எதாலும் வகுபடாது; 13-க்குப் போகவே வேண்டாம், பதிமூன்று பதிமூன்று 169. நூற்றிருபது என்றால் சின்னச் சக்கரங்களைச் சேர்த்துச் சமாளிக்கலாம். 127-ஐ உடைக்க வழியில்லை; முழுசாக மாட்டித்தான் ஆக வேண்டும். 2 மி.மீ. பிட்சுக்கு 40-க்கு 127. அது இல்லாத பட்டறையில் 63 பல் சக்கரத்தை வைத்து ஒப்பேற்றுவார்கள். மீட்டருக்கு எட்டில் ஒரு மில்லிமீட்டர் பிசகும். போல்ட்டுக்குப் பரவாயில்லை.

அங்குல மரை வெட்டும்போது, கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் ஹாஃப் நட்டைத் திறந்து, கேரேஜைக் கையால் திருப்பி, டயல் பார்த்து மறுபடி பிடிக்கலாம். 127 ஏறிவிட்டால் ஹாஃப் நட்டைத் தொடக் கூடாது. டூலை வெளியே இழுத்து, மெஷினை ரிவர்ஸில் ஓட்டித்தான் தொடக்கத்துக்கு வர வேண்டும். பழக்கதோஷத்தில் திறந்தவன் பீஸ் ஸ்கிராப்.

அந்தச் சக்கரத்தை வெட்டுவது இன்னும் வேடிக்கை. பற்களைச் சம இடைவெளியில் பிரித்து வெட்ட உதவும் டிவைடிங் ஹெட்டின் வழக்கமான பிளேட் எதிலும் 127-க்குத் தோதான ஓட்டை வரிசை கிடையாது. 120 பல்லுக்கு என்று வைத்துக்கொண்டு, 56, 24 பல் சக்கரங்களைக் கூடவே மாட்டி வித்தியாசத்தை ஓட்டத்திலேயே சரிக்கட்டுவார்கள். இந்த வித்தையைக் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம்.

கணக்குக்காரர்களுக்கும் 127 மேல் ஒரு கண். ஏழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் 127. நூற்றிருபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தாலும் பகா எண்தான், 39 இலக்கம். 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி சொன்னதை 1876-இல் லூகாஸ் என்ற கணக்குக்காரர் நிரூபித்தார். 1951 வரை உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண் அதுவே. 2024-இல் பிடிபட்டதற்கு 4 கோடிக்கு மேல் இலக்கங்கள். கம்ப்யூட்டர் வேலை, எனக்கு அதில் ருசியில்லை.

இப்போது சி.என்.சி. எல்லாம் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. பட்டறையை மூடுகிறவர்கள் கியர் பெட்டியோடு எடைக்குப் போடுகிறார்கள். மற்றதை விற்றுக்கொள்ளுங்கள். பெரிய சக்கரத்தை மட்டும் பக்கத்து ஐ.டி.ஐ.யில் கொடுத்துவிடுங்கள், பிள்ளைகள் பல்லை எண்ணிப் பார்க்கட்டும்.