நம் கைக்கு ஏற்ற ஏடு

நூலின் வரலாறு, எழுத்தைத் தாங்கி நின்ற பொருள்களின் வரலாறுமாகும். பாப்பிரசுச் சுருளில் ஓரிடத்தைத் தேட வேண்டுமாயின் முழம் முழமாக விரித்தாக வேண்டும். தாள்களை மடித்துத் தைத்த ஏட்டிலோ வேண்டிய பக்கத்தை உடனே புரட்டலாம். கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவர்கள் தம் திருநூல்களுக்குச் சுருளை விடுத்து ஏட்டையே பெரிதும் தேர்ந்தனர் என்பதை எகிப்திய மணலில் கிடைத்த கையெழுத்துப் படிகள் காட்டுகின்றன. எந்த வடிவம் நம் வாசிப்புக்கு உகந்தது என்ற அதே வினா, மின்னூல் கருவி வாங்க விழையும் நம் முன்னும் இன்று நிற்கிறது.

1971 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் மைக்கேல் ஹார்ட் என்பவர் அந்நாட்டு விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சுச் செய்து வைத்தார். குட்டன்பர்க் திட்டம் அவ்வாறு பிறந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களுக்கு அதே பணியை ஆற்றியது. ஆயினும் கணினித் திரையில் நெடுநேரம் படிப்பது கண்ணுக்குச் சுமையே. அதே ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ராக்கெட் இ-புக்' போன்ற கையடக்கக் கருவிகளும் ஒளிரும் திரையையே கொண்டிருந்தன.

2004இல் ஜப்பானில் சோனி நிறுவனம் வெளியிட்ட 'லிப்ரியே' ஒரு திருப்புமுனை எனலாம். அதன் திரையில் நுண்ணிய குமிழ்கள். அவற்றுள் எதிரெதிர் மின்னூட்டம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்புலத்திற்கேற்பக் கறுப்புத் துகள்கள் மேலெழும் இடத்தில் எழுத்துத் தோன்றும். பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். காகிதத்தைப் போன்று வெளியொளியிலேயே படிக்கலாம். ஆனால் அதற்கென வழங்கப்பட்ட நூல்களோ 60 நாட்களில் மறைந்துபோகும் வண்ணம் அமைந்திருந்தன. கருவி சிறந்ததாயினும் மக்கள் அதனை ஏற்கவில்லை.

2007 நவம்பரில் அமேசானின் 'கிண்டில்' 399 டாலர் விலையில் வந்து, ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. 2009 ஜூலையில் மற்றொரு பாடமும் கிடைத்தது. உரிமையற்ற ஒருவர் விற்பனைக்கு வைத்தார் என்பதற்காக, வாசகர்கள் விலை கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெலின் இரு நூல்களை அந்நிறுவனம் அவர்களுடைய கருவிகளிலிருந்தே அழித்தது. பணம் திரும்பியது, தலைவர் ஜெப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். எனினும் நாம் வாங்குவது நூலையா, படிக்கும் உரிமத்தையா என்ற ஐயம் நீங்கவில்லை. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் 2025 பிப்ரவரியில் அந்நிறுவனம் நிறுத்திவிட்டது.

இவ்வரலாறு நமக்குச் சில வினாக்களைக் கற்றுத் தருகிறது. முதலாவது, நாம் படிப்பது எது? புதிய தமிழ் நாவல்களாயின் 2016 டிசம்பர் முதல் கிண்டிலில் தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. ஆறங்குலத் திரை போதும். முதியோர் எழுத்தைப் பெரிதாக்கியும் படிக்கலாம். ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ளவை போன்ற பழைய நூல்கள், பக்கங்களைப் படமெடுத்து வைத்தவை. அவற்றில் எழுத்தைத் தனியே பெரிதாக்க இயலாது. பக்கத்தையே பெரிதாக்கி அங்குமிங்கும் நகர்த்த வேண்டும். அவற்றுக்குப் பத்தங்குலத் திரையே உகந்தது.

இரண்டாவது, எவ்வொளியில் படிப்போம்? இரவில், வீட்டார் உறங்கும் வேளையில் படிப்போருக்கு 2012க்குப் பின் பரவிய முன்னொளித் திரை வேண்டும். மூன்றாவது, நூல் எவ்வடிவில் உள்ளது? பொது வடிவமான 'இபப்' கோப்பைக் கோபோ போன்ற கருவிகள் நேரே திறக்கின்றன. கிண்டிலுக்கோ அதனை அந்நிறுவனத்தின் வழியாக அனுப்பி மாற்றிப் பெறவேண்டும்.

இறுதி வினா, அந்நூல் யாருடையது என்பது. தாத்தா பெயரெழுதி வைத்த விவிலியம் பேரனின் கைக்கு வருவதற்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. உரிமமாகப் பெற்ற மின்னூலுக்கு அவ்வுறுதி இல்லை. ஆகவே ஒருமுறை படித்து முடிக்கும் நூல்களை மின்னூலாக வாங்குவோம். விட்டுச்செல்ல விரும்பும் நூலை அச்சில் வாங்குவோம். இரண்டுக்கும் நம் வீட்டில் இடமுண்டு.