குழந்தைத் தூக்க வழக்கம்: கோலசிலாங்கூர் தோட்டப்புறம்

குழந்தைத் தூக்க வழக்கம் என்பது ஆறு மாதம் நிறைந்த குழந்தையை நாள்தோறும் ஒரே வரிசையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் உறங்கவைத்து எழுப்பும் வீட்டு நடைமுறை. குழந்தையின் வளர்ச்சி, தாயின் உடல்நலம், வீட்டின் அமைதி ஆகிய மூன்றும் இதைச் சார்ந்தவை. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துக் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் எனப் பரந்து கிடக்கும் தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களில் விடியுமுன் தொடங்கும் வேலை, ஆயாக் கொட்டகை (தோட்டக் குழந்தைக் காப்பகம்), சேலைத் தொட்டில் ஆகியவை இந்த வழக்கத்தை வடிவமைத்தன. மேலைநாட்டு நூல்கள் சொல்வதுபோல் மாலை 7 மணிக்கே உறங்கவைப்பது இங்குள்ள வாழ்வோடு எளிதில் ஒட்டுவதில்லை. படுக்கும் மணியைவிட, எழும் நேரமும் படுக்குமுன் நடப்பவற்றின் வரிசையும் மாறாதிருப்பதே முதன்மையானது.

தேவையான தூக்கம்

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 4 முதல் 11 மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும். 1 முதல் 2 வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம். பகல் தூக்கமும் இக்கணக்கில் சேரும். ஆறு மாதத்தில் பகலில் மூன்று முறை உறங்கும் குழந்தை, எட்டு ஒன்பது மாதத்தில் இரண்டு முறைக்கும், 15 முதல் 18 மாதத்துக்குள் ஒரு முறைக்கும் வந்து சேர்வது பொதுவான போக்கு.

ஆய்வாளர் ஜோடி மிண்டெல் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு 17 நாடுகளைச் சேர்ந்த 29,287 குழந்தைகளின் தூக்கத்தை ஒப்பிட்டது. மலேசியாவும் இந்தியாவும் அதில் இடம்பெற்றன. நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக மாலை 7.30-ஐ ஒட்டி உறங்கினர்; ஹாங்காங் குழந்தைகள் இரவு 10 மணிக்குப் பிறகே உறங்கினர். ஆசியக் குழந்தைகள் பொதுவாகத் தாமதமாகப் படுப்பதும், குறைவாக உறங்குவதும், பெற்றோருடன் ஒரே அறையிலோ ஒரே படுக்கையிலோ இருப்பதும் பதிவாயின.

தூக்கம் அமையும் விதம்

தூக்கத்தை இரண்டு ஆற்றல்கள் நடத்துகின்றன. விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் பெருகும் உறக்கத் தேவை ஒன்று. ஒளியையும் இருளையும் கொண்டு இயங்கும் உடல் கடிகாரம் மற்றொன்று. இரவில் மெலடோனின் சுரக்கும் ஒழுங்கு பிறந்து சில மாதங்களில் உருவாகிறது. அதனால் ஆறு மாதக் குழந்தையின் உடல் இரவையும் பகலையும் பிரித்தறியும். காலை வெளிச்சம் கண்ணில் படும் நேரம் அந்தக் கடிகாரத்தை நாள்தோறும் திருத்துகிறது. எழும் நேரம் நிலையாக இருந்தால் உறங்கும் நேரமும் நிலைபெறுவது இதனால்தான்.

பெரியவரின் ஒரு தூக்கச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். குழந்தையினுடையது 50 முதல் 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குழந்தை சற்றே விழிக்கும். உறங்கும்போது இருந்த சூழலே அப்போதும் இருந்தால் மீண்டும் உறங்கிவிடும். ஆட்டத்தில் உறங்கிய குழந்தை அசையாத தொட்டிலில் விழித்தால், அந்த ஆட்டத்தைக் கேட்டு அழும். எட்டு ஒன்பது மாதத்தில் தாயைக் காணாத அச்சமும் சேர்ந்துகொள்வதால், அதுவரை நன்றாக உறங்கிய குழந்தையும் அடிக்கடி எழத் தொடங்கும். பிள்ளைத்தமிழ் இலக்கணம் தாலாட்டுக்குரிய பருவத்தைப் பொதுவாக ஏழாம் மாதத்தில் வைத்திருக்கிறது. தாயின் குரல் குழந்தைக்கு மிகவும் தேவைப்படும் காலம் அது.

தோட்டப்புறப் பின்னணி

ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது விடியற்காலையில். வெயில் ஏறி இலைகள் நீரை வெளியேற்றத் தொடங்கினால் பால்குழல்களின் அழுத்தம் குறைந்துவிடும். இதனால் பால்வெட்டுத் தொழிலாளர்கள் இருள் விலகுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குச் சென்றனர். தாயும் தந்தையும் வெட்டுக்குப் போன வீட்டில், உறங்கும் குழந்தையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விடுவது அன்றாட வழக்கம். அங்கே வரிசையாகக் கட்டிய தொட்டில்களில் குழந்தைகள் மறுபடியும் உறங்கின. தோட்டக் குழந்தையின் தூக்கம் இவ்வாறு லயம் எனும் வரிசைக் குடியிருப்பு வீட்டிலும் கொட்டகையிலுமாக இரண்டு இடங்களில், இரண்டு கைகளில் நடந்தது.

கோலசிலாங்கூர் மாவட்டத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே செம்பனையை வணிக அளவில் பயிரிட்டார். மலேசியாவில் அதுவே முதல் முயற்சி. பிற்காலத்தில் ரப்பர் நிலங்கள் பெரும்பாலும் செம்பனையாக மாறின. பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு அருகிலுள்ள ஊர்களுக்கும் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் குடிபெயர்ந்தன. ஆயினும் விடியற்காலை எழுச்சி மாறவில்லை. தொழிற்சாலைப் பேருந்துக்கும், ஷிப்ட் வேலைக்கும், கிள்ளான் பள்ளத்தாக்கை நோக்கிய நெடும்பயணத்துக்கும் பெற்றோர் இன்றும் இருளில்தான் கிளம்புகின்றனர்.

பொழுதும் கடிகாரமும்

நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 3 பாகை வடக்கே இருப்பதால், இப்பகுதியில் பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நீளம். 1982 சனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளியது. அன்று முதல் சூரியன் காலை 7 மணியை ஒட்டி எழுந்து, மாலை 7-க்கும் 7.30-க்கும் இடையில் மறைகிறது. வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும் 7 மணிக்குக் குழந்தையை உறங்கவைக்க முயன்று தோற்கும் தாய்மார் தங்களைக் குறைசொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. இங்கு விளக்கு வைத்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள், அதாவது 8 முதல் 8.30-க்குள், குழந்தை உறங்கினால் அது இப்பகுதியின் பொழுதுக்கு ஏற்ற உறக்கமே.

நாளின் ஒழுங்கு

பெற்றோர் காலை 6 மணியை ஒட்டிக் கிளம்பும் வீட்டில், ஒன்பது மாதக் குழந்தைக்குப் பொருந்தும் ஒழுங்கு பின்வருமாறு அமையலாம்.

காலை 6: விழித்தெழுதல், பால், வெளிச்சம் வந்ததும் வாசலில் சிறிது நேரம்.
காலை 9 முதல் 10.30: முதல் பகல் தூக்கம்.
பிற்பகல் 1.30 முதல் 3: இரண்டாம் பகல் தூக்கம்.
மாலை 6.30: இரவு உணவு.
மாலை 7.30: குளியல், அதன்பின் படுக்கைக்கான வரிசை.
இரவு 8.15: உறக்கம்.

இரவில் ஒன்பதே முக்கால் மணி நேரமும் பகலில் மூன்று மணி நேரமும் சேர்த்தால் தேவையான அளவு கிட்டும். மணிகள் வீட்டுக்கு வீடு மாறலாம். பகல் தூக்கம் ஒவ்வொன்றுக்கும் முன் இவ்வயதில் ஏறத்தாழ மூன்று மணி நேர விழிப்பு இருந்தால் போதும். மாலை 4 மணிக்கு மேல் நீளும் உறக்கம் இரவைத் தள்ளிப்போடும். விடுமுறை நாளிலும் எழும் நேரம் அரை மணிக்கு மேல் விலகாதிருப்பது நல்லது. மாரியம்மன் திருவிழாவாலோ தைப்பூசப் பயணத்தாலோ ஓர் இரவு கெட்டால், மறுநாள் வழக்கமான நேரத்திலேயே எழுப்பிப் பகல் தூக்கத்தைச் சிறிது கூட்டினால் ஒழுங்கு திரும்பிவிடும்.

படுக்கைக்கு முந்தைய வரிசை

மிண்டெல் குழுவினர் 2009-இல் 405 தாய்மார்களுடன் நடத்திய ஆய்வில், குளியல், உடலைத் தடவிவிடுதல், அமைதியான தாலாட்டு அல்லது அணைப்பு ஆகியவற்றை இரவுதோறும் ஒரே வரிசையில் செய்த வீடுகளில் குழந்தைகள் விரைவாக உறங்கின. இரவு விழிப்பும் குறைந்தது. தாய்மாரின் மனநிலையும் தேறியது. தமிழ் வீட்டுக்கு இதில் புதியது எதுவுமில்லை. வெந்நீர்க் குளியல், எண்ணெய் தடவல், மடியில் பால், தாலாட்டு என்பது பாட்டிமார் கைப்பழக்கத்தில் இருப்பதே. அதை நாள்தோறும் ஒரே வரிசையில், முப்பது நிமிடத்துக்குள் செய்வதுதான் சேர்க்கவேண்டிய பகுதி.

குளித்த குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதும், மூடிய அறையில் கொசுவத்தி கொளுத்துவதும் பிஞ்சு நுரையீரலுக்குக் கேடு. இவற்றைக் கைவிட வேண்டும். கூடத்தில் ஓடும் தொலைக்காட்சியின் ஒலியும் கைப்பேசியின் ஒளியும் உறக்கத்தைத் தள்ளும். ஒரு வயதுக்குட்பட்டோருக்குத் திரை எதுவும் வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. நாடகத்தின் ஒலியைக் குறைப்பது வீட்டார் அனைவரும் சேர்ந்து எடுக்கவேண்டிய முடிவு. தாய் ஒருத்தியின் தலையில் அதைச் சுமத்தக்கூடாது.

தொட்டிலிலிருந்து பாய்க்கு

விட்டத்தில் கட்டிய சேலைத் தொட்டிலும், கைலித்துணியை வில்கம்பியில் தொங்கவிடும் ஸ்பிரிங் தொட்டிலும் மலேசிய வீடுகளில் பரவலானவை. மின்மோட்டார் தொட்டிலும் கடைகளில் கிடைக்கிறது. சிறு குழந்தையை ஆற்றுவதற்கு அவை உதவுகின்றன. ஆனால் துணியின் குழிவில் தலை முன்சாய்ந்து தாடை மார்பில் படிந்தால் மூச்சுவழி குறுகும். கவிழவும் எழுந்து உட்காரவும் தெரிந்த குழந்தை அதிலிருந்து விழக்கூடும். எனவே குழந்தை தானாகப் புரளத் தொடங்கும்போதே இரவுத் தூக்கத்தைச் சமதளத்துக்கு மாற்றுவது அவசியம்.

இம்மாற்றத்தைப் படிப்படியாகச் செய்யலாம். முதல் சில இரவுகள் கண் சொருகும் வரை மட்டும் ஆட்டி, உறங்குமுன் நிறுத்த வேண்டும். அடுத்து, அசையாத தொட்டிலில் கிடத்தித் தட்டிக்கொடுக்கலாம். பிறகு அதே பாட்டு, அதே தட்டலுடன் தரையில் விரித்த மெல்லிய கெட்டி மெத்தையில் கிடத்தலாம். கடைசியாகத் தட்டலையும் குறைத்துப் பக்கத்தில் இருந்தால் போதும். இரண்டு மூன்று வாரம் பிடித்தாலும் அது நல்ல முன்னேற்றமே. இரவில் மெத்தைக்குப் பழகும்வரை பகல் தூக்கத்தை, கண்பார்வையில் வைத்து, தொட்டிலிலேயே விடலாம்.

இரவு விழிப்பு

குழந்தையைச் சிறிது சிறிதாக நீளும் இடைவெளியில் அழவிட்டுப் பழக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985-இல் வெளியான தம் நூலால் பரப்பினார். அம்முறையும், குழந்தை இயல்பாக உறங்கும் நேரத்தில் தொடங்கிப் படுக்கும் நேரத்தை மெல்ல முன்னகர்த்தும் முறையும் குழந்தையின் மனநலத்தைக் கெடுப்பதாகத் தெரியவில்லை என 2016-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சிறு ஆய்வு காட்டியது. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீட்டில், மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழும்போது, அழவிடும் முறை நடைமுறைக்கு ஒத்துவராது. அங்கே படிப்படியான முறையே ஏற்றது: எழுந்தவுடன் தூக்காமல் ஓரிரு நிமிடம் கவனித்து, தாழ்ந்த குரலில் பேசி, தட்டிக்கொடுத்து, விளக்கைப் போடாமல் மீண்டும் உறங்கவைத்தல்.

பகல் முழுதும் தாயைப் பிரிந்திருக்கும் குழந்தை இரவில் அதிகமாகத் தாய்ப்பால் கேட்பதுண்டு. அது பிடிவாதம் அன்று. மாலையில் வீடு திரும்பியதும் நிறையப் பால் கொடுத்து, அணைத்திருந்தால் நள்ளிரவுத் தேவை குறையும். பால் கொடுப்பதைப் படுக்கை வரிசையின் நடுவில் வைத்து, விழித்த நிலையில் கிடத்துவது நல்ல பழக்கம். புட்டியில் மாவு கரைத்துக் கொடுத்தால் நன்றாக உறங்கும் என்ற நம்பிக்கை தவறானது. புரையேறும் ஆபத்தும் உண்டு. இருமல் மருந்தையோ வேறு மயக்க மருந்தையோ தூக்கத்துக்காகக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. ஒரு வயது நிறையும் வரை தேனும் கூடாது.

பாதுகாப்பு

குழந்தையை மல்லாக்கப் படுக்கவைப்பதும், தலையணை, போர்வை, பொம்மை எதுவும் அருகில் இல்லாததும் அடிப்படை விதிகள். பெற்றோரின் அறையில் தனிப் படுக்கை சிறந்தது. புகைபிடித்தவர் அல்லது மது அருந்தியவர் குழந்தையோடு ஒரே படுக்கையில் உறங்கவே கூடாது. சிலாங்கூரில் டிங்கி பரவல் கடுமையாக இருப்பதால் கொசுவலை தவிர்க்கமுடியாதது. பகல் தூக்கத்துக்கும் அது வேண்டும், ஏனெனில் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் இறுகச் செருகினால் தரைப்படுக்கையைப் பூரானும் எறும்பும் நெருங்கா. வெப்பமான இரவுக்கு ஒரே பருத்தி உடையும் மின்விசிறியும் போதும்.

பராமரிப்பாளர்கள்

2023 சனவரி 1 முதல் மலேசியாவில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. ஆயினும் தூக்க வழக்கம் உருவாகும் ஆறாம் மாதத்தில் பெரும்பாலான தாய்மார் வேலைக்குத் திரும்பியிருப்பர். தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறித்த 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் பற்றிய விதிகளைக் கொண்டுள்ளது. 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணத்துக்குப் பார்க்கும் இடம் சமூகநல இலாகாவில் பதிவு பெறவேண்டும்.

பாட்டியோ ஆயாவோ டாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு மைய) ஆசிரியையோ யார் பார்த்தாலும், எழுந்த நேரம், உறங்கிய நேரம், குடித்த பாலின் அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி மாலையில் கைமாற்றினால் இரண்டு இடங்களும் ஒரே ஒழுங்கில் இயங்கும். பாட்டி தொட்டிலில் ஆட்டுகிறார் என்பதற்காக மனத்தாங்கல் வேண்டியதில்லை. குழந்தை இடத்துக்கேற்ற பழக்கத்தைப் பிரித்தறியும்.

மருத்துவரைக் காணவேண்டிய நிலைகள்

தொடர்ந்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நிற்பது, எடை கூடாமை, ஓயாத சொறி அல்லது இருமலால் விழித்தல், பகலில் மிகுந்த சோர்வு ஆகியவற்றுக்குக் கிராமச் சுகாதார நிலையத்திலோ தஞ்சோங் காராங் மருத்துவமனையிலோ ஆலோசனை பெறவேண்டும். தடுப்பூசிக்குச் செல்லும் நாளிலேயே தூக்கத்தைப் பற்றிக் கேட்கலாம். தூக்கமின்மையால் தாய்க்குத் தொடர்ந்த மனச்சோர்வு, காரணமற்ற அழுகை, குழந்தைமீது கட்டுக்கடங்காத சினம் தோன்றினால் அதையும் தயங்காமல் தாதியிடம் சொல்லவேண்டும். அத்தகைய நேரத்தில் குழந்தையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தாய் உறங்குவதும் இவ்வழக்கத்தின் ஒரு பகுதியே.