கிணற்றுக்குள் இறங்கிய இயந்திரம்

விவசாய இயந்திரம் என்றதும் டிராக்டர்தான் நினைவுக்கு வரும். சென்னை செம்பியத்து டாஃபே நிறுவனம் 1960ல் தொடங்கிய கதையை நாமும் ஒருநாள் பேசத்தான் போகிறோம். ஆனால் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயத்தைப் புரட்டிப்போட்டது டிராக்டர் இல்லை. கிணற்று மோட்டார்.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது ஊர். பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. தெற்கே தென்பெண்ணை, வடக்கே செய்யாறு, இரண்டுமே எட்டாத தூரம். ஏரி நிரம்பினால் ஒரு போகம் நெல், மானாவாரியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை. மற்ற எல்லாவற்றுக்கும் கிணறுதான் கதி. அதுவும் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும், வெடி வைக்காமல் கிணறு ஆழப்படாது.

அந்தக் கிணறுகளில் ஓடியது கவலை. அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் பின்னால் வந்த இயந்திரம் எதன் இடத்தைப் பிடித்தது என்று தெரியும். கிணற்று விளிம்பில் இரண்டு கால் நட்டு, குறுக்கே உருளை. அதன்மேல் ஓடும் வடத்தின் நுனியில் இரும்புச் சால். சாலின் அடியில் தோலால் ஆன தும்பி, தும்பியின் வாயில் மெல்லிய வால்கயிறு ஒன்று. சால் மேலே வரும்வரை அந்தக் கயிறு தும்பியை மடக்கித் தூக்கிப் பிடித்திருக்கும், தண்ணீர் கொட்டாது. விளிம்பைத் தொட்டதும் தும்பி தொட்டிப் பக்கம் நீண்டு, உள்ளதையெல்லாம் கொட்டிவிடும். சாலைச் சரிக்கவோ கவிழ்க்கவோ தனி ஆள் வேண்டாம், எல்லாம் இரண்டு கயிறுகளின் நீளக் கணக்கு. மாடுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின்மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக்கொள்வார். பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்தே மேடேற வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, பொறியாளர் பட்டத்துக்குத் தகுதியானவர்.

குறை ஒன்றுதான், நேரம். விடியலிலிருந்து மாடு ஓட்டினாலும் நனைவது சிறிய நிலம்தான். ஒரு ஜோடி மாடும் ஓர் ஆளும் அதற்கே சரியாகிவிடும்.

வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த இயந்திரம் முதலில் கைவைத்தது கிணற்றில் அல்ல, உழவில். கவர்னர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1865ல், சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை தொடங்கி, இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை வரை தருவித்தார்கள். நம் துண்டு துண்டான வயலுக்கும் நம் விவசாயியின் மடிக்கும் அது எப்படிப் பொருந்தும்? பொருந்தவில்லை.

சரியான கேள்வியைக் கேட்டவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1888ல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். அவர் ஏற்றத்தையும் கவலையையும் கேலி செய்யாமல், இறைக்கும் தண்ணீருக்கு என்ன செலவாகிறது என்று கணக்குப் பார்த்தார். 1900களின் தொடக்கத்தில் செங்கல்பட்டுப் பக்கம் மெல்ரோசாபுரத்தில் ஆயில் என்ஜின் வைத்துக் கிணற்று நீரை இறைக்கும் சோதனை நடந்தது, பிறகு மாகாணத்தின் பல இடங்களுக்கும் பரவியது. ஆனால் அரசே இப்படித் தொழிலில் இறங்குவது ஐரோப்பிய வணிகர்களுக்குப் பிடிக்கவில்லை. 1910ல் லண்டனிலிருந்து இந்திய மந்திரி மார்லி பிரபு அதற்குத் தடை போட்டார். சாட்டர்டன் 1912ல் மைசூருக்குப் போய்விட்டார். சென்னை மாகாணத்துக்கு அது பெரிய இழப்பு என்பது என் கட்சி.

நம் ஊர் அடங்கிய திருவண்ணாமலை வட்டம் அப்போதுதான், 1911ல், தென்னாற்காட்டிலிருந்து வடாற்காட்டுக்கு மாறியிருந்தது.

என்ஜின் ஓட்டும் பம்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மேலே உட்கார்ந்துகொண்டு எவ்வளவு ஆழத்திலிருந்து வேண்டுமானாலும் உறிஞ்சிவிட முடியாது. காற்றழுத்தம் தண்ணீரை ஏற்றிக்கொடுப்பது கணக்குப்படி 34 அடிதான், நடைமுறையில் இருபது, இருபத்தைந்து அடி தாண்டினாலே திணறும். அதனால் நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுப் பக்கச் சுவரில் திட்டு வெட்டி, பம்பைக் கீழே இறக்கினார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால் மறுபடி மேலே தூக்க வேண்டும். குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு ஒழுகினால் குழாயில் சாணிக் கரைசலை ஊற்றி நிரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். லிஸ்டர் என்ஜினின் ஹேண்டிலைச் சுற்றி ‘டப் டப்’ கேட்கும்வரை தோள் வலித்ததை அந்தத் தலைமுறை மறந்திருக்காது.

மின்சாரம் இந்தப் பாட்டைப் பாதியாகக் குறைத்தது. மேட்டூரில் மின் உற்பத்தி 1937ல் தொடங்கியது. அதே ஆண்டு கோவையில் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார்கள். சுதந்திரத்துக்குப் பின் கம்பிகள் கிராமம் கிராமமாக ஓடின, நில அடமான வங்கிகள் கிணற்றுக்கும் பம்புசெட்டுக்கும் கடன் கொடுத்தன. 1973-74ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசுமைப் புரட்சியைப் படிக்க வடாற்காட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். பி.எச்.ஃபார்மர் தொகுத்த அந்த நூல் 1977ல் வந்தபோது தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி இருந்தது. நியாயம்தான். ஐ.ஆர்.8 விதை வந்தது 1966ல். அதற்கு முன்பே இங்கே பம்புசெட் வரத் தொடங்கிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் கையில் இருந்தவருக்குத்தான் புது விதை பலன் தந்தது.

பங்குக் கிணற்றில்தான் சிக்கல் முற்றியது. கவலைக் காலத்தில் பங்காளிகள் முறை வைத்து இறைத்தார்கள். மோட்டார் வந்ததும் ஒரே கிணற்றில் இரண்டு, மூன்று மோட்டார்கள், எவர் முந்திப் போடுகிறாரோ அவருக்குத் தண்ணீர். மின்கட்டணமோ அரசியலானது. யூனிட்டுக்குச் சில பைசா ஏறியதற்கே 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய்க் கோவையை முடக்கினார்கள். 1984ல் சிறு விவசாயிகளுக்கும் 1990ல் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது. அந்தச் சலுகை இல்லாவிட்டால் எத்தனையோ பேர் நிலத்தை விட்டே போயிருப்பார்கள். ஆனால் யூனிட்டுக்கு விலையே இல்லை என்றால் இறைப்பதற்கு எது அளவு? கிணறு வறண்டதும் கிணற்றுக்குள்ளேயே போர் போட்டார்கள், அதற்குக் கம்பரசர் வைத்தார்கள், பிறகு நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் சப்மெர்சிபிள் மோட்டாரை இறக்கினார்கள். முன்பு மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் டார்ச் லைட்டோடு வயலுக்குப் போனவர்கள் இன்று செல்போனிலேயே ஸ்டார்ட்டரைப் போடுகிறார்கள்.

இந்தச் சீமையில் கிணற்றடிக்கு வெளியேயும் ஓர் இயந்திரம் ஓடியது, மல்லாட்டை உடைக்கும் மிஷின். புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சுக்குப் போன மல்லாட்டைப் பருப்புக்கு அந்த மிஷின் செய்தது என்ன? அடுத்த வாரம்.

(தொடரும்)